எந்தக் கார்பனைக் கேட்கிறார்கள்?

2023 நவம்பரில் ஜெர்மனி வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நீங்கள் அனுப்பும் போல்ட்டுகளின் கார்பன் விவரம் வேண்டும், ஜனவரி முடிவதற்குள் நாங்கள் கணக்குக் காட்ட வேண்டும், அவசரம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இவ்வளவு பதட்டம்? மில் சர்டிபிகேட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடும்மா" என்றார். அனுப்பிவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணனுக்கு போல்ட், நட் செய்யும் சின்ன யூனிட். நான் அங்கே பதினெட்டு வருடமாக ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் என் மேஜைதான். எங்கள் தொழிலில் கார்பன் என்றால் ஒன்றே ஒன்றுதான். வயர் ராட் சுருளோடு மில்லிலிருந்து வரும் டெஸ்ட் சர்டிபிகேட்டில் முதல் கட்டத்தில் இருக்கும் எண். 0.20 சதவீதம், 0.35 சதவீதம் என்று போட்டிருக்கும். அது கூடினால் கம்பி முறைத்துக்கொள்ளும், ஹெடிங் மெஷினில் தலை அடிக்கும்போது விரிசல் விடும். குறைந்தால் ஹீட் ட்ரீட்மென்டில் எவ்வளவு சூடு காட்டினாலும் பலம் ஏறாது. முப்பது வருடமாக அண்ணன் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

மறுநாளே பதில் வந்தது. மிகவும் மரியாதையாக, "நன்றி, ஆனால் நாங்கள் கேட்டது இந்தக் கார்பன் இல்லை." கூடவே ஒரு எக்செல் கோப்பு. திறந்தால் தாள் தாளாகப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் யூனிட்டில் எரியும் எரிபொருள், வாங்கும் மின்சாரம், உள்ளே வரும் ஒவ்வொரு மூலப்பொருளும் பிறந்த இடம், அது பிறந்தபோது எழுந்த புகை. அவர்கள் கேட்டது இரும்புக்குள் தங்கிய கார்பனை அல்ல. இரும்பைச் செய்யும்போது புகைபோக்கி வழியாக வெளியே போன கார்பனை.

அந்த எக்செலோடு மல்லுக்கட்டிய இரண்டு வருடத்தில் நான் படித்ததும் யோசித்ததும்தான் இந்தப் பதிவு. ஐரோப்பாக்காரர்கள் இதையெல்லாம் செய்வதற்குச் சொல்லும் காரணத்தின் பெயர் 'கார்பன் கசிவு'. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது இரும்பு இல்லை, துணி.

என் புகுந்த வீடு திருப்பூர்ப் பக்கம், நொய்யல் கரையிலிருந்து கூப்பிடு தூரம். கல்யாணமாகிப் போன புதிதில் மாமியார் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி, கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைத் துணி நனைக்காதே என்பது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கி, ஆற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, கிணறு வரை வந்துவிட்டிருந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாகிப் போனது. அணையைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடிய விசித்திரம் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரே உத்தரவில் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் பூட்டப்பட்டன.

பட்டறை பூட்டினால் சாயம் நின்றுவிடுமா? பனியன் ஆர்டர் நிற்கவில்லையே. துணி லாரி ஏறியது. அகமதாபாத்துக்கும் லூதியானாவுக்கும் போய்ச் சாயம் தோய்த்துக்கொண்டு திரும்பி வந்தது. ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் தென்னந்தோப்புக்குள்ளும் பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையிலும் அனுமதியில்லாப் பட்டறைகள் முளைத்தன. அதிகாரிகள் போய் இடித்தார்கள், வேறு இடத்தில் மறுபடி முளைத்தன. ஓர் ஊரில் விதி இறுகினால், விதி தளர்ந்த ஊருக்கு வேலை நகரும்; வேலையோடு அழுக்கும் நகரும். கசிவு என்பது இதுதான். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதைச் சமன்பாடு போட்டு விளக்குகிறார்கள். திருப்பூரில் லாரி ஓட்டுநரைக் கேட்டாலே சொல்லியிருப்பார்.

ஆனால் துணிக்கும் இரும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சாயப்பட்டறை இடம் மாறியதில் வேறெங்கோ ஒரு கிணறு கெட்டது உண்மை. ஆனாலும் நொய்யலுக்கு மூச்சு வந்தது. அழுக்கு எங்கே விழுகிறதோ அங்கேதான் கேடு. கார்பன் டை ஆக்சைடுக்கு ஊர் கிடையாது. டார்ட்மண்டில் விட்டாலும் துர்காபூரில் விட்டாலும் ஒரே வானத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. ஜெர்மனியில் ஒரு உலை மூடி, அதே இரும்பை வேறொரு நாட்டில் செய்தால் ஜெர்மனிக்குக்கூட லாபம் இல்லை. வேலை போனதுதான் மிச்சம். இன்னும் மோசம், புதிய இடத்தில் பழைய முறையில் செய்தால் மொத்தப் புகை கூடிவிடும். காலநிலைக் கொள்கை வகுப்பவர்களை இந்தப் பயம் முப்பது வருடமாகத் தூங்கவிடவில்லை.

முப்பது வருடம் என்று சும்மா சொல்லவில்லை. ஸ்வீடன் 1991இலேயே கார்பன் வரி போட்டது. இரண்டே வருடத்தில், 1993இல், தன் தொழிற்சாலைகளுக்கு மட்டும் அந்த வரியைக் கால்பங்காகக் குறைத்தது. வீட்டுக்காரர் முழு வரி கட்டினார், ஆலை முதலாளி கால் வரி கட்டினார். காரணம் கேட்டால் இதே பதில்: அதிகம் கேட்டால் ஆலை ஓடிப்போகும்.

1997இல் கியோட்டோ காலநிலை மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பு அமெரிக்க செனட்டும் இதே பல்லவியைப் பாடியது. வளரும் நாடுகளுக்கும் அதே காலத்தில் கட்டுப்பாடு இல்லையென்றால் நாம் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று தீர்மானம். 95க்கு 0. வாக்களித்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பக்கம் நின்ற அபூர்வம். இந்தியா, சீனா போன்றவர்களுக்கு வரம்பு வைக்காமல்தான் கியோட்டோ முடிந்தது. 2001இல் புஷ் அரசு அதிலிருந்து ஒதுங்கிக்கொண்டது.

அந்த ஒப்பந்தங்களின் கணக்கு முறையில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கவனித்தபோதுதான் எனக்கு இந்த எக்செலின் தலையும் வாலும் புரிந்தது. ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின்படி ஒரு நாட்டின் உமிழ்வு என்பது அந்த நாட்டு எல்லைக்குள் எழும் புகை. யாருக்காக எழுந்தது என்ற கேள்வியே கிடையாது. மூனிச்சில் ஓடும் காரின் போல்ட்டுக்காக இந்திய உலையில் எரிந்த நிலக்கரி இந்தியக் கணக்கு. அந்தக் காரை ஓட்டுபவரின் நாட்டுக் கணக்கில் பூஜ்யம். கல்யாணச் சாப்பாட்டுச் செலவைச் சமையல்காரர் தலையில் எழுதுகிற கணக்கு இது. பணக்கார நாடுகள் பல தங்கள் உமிழ்வு குறைந்துவிட்டது என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான், மின்நிலையங்களை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வாங்கி அனுபவிக்கும் பொருளின் பின்னால் இருக்கும் புகையையும் சேர்த்தால் அந்தச் சரிவு அவ்வளவு அழகாக இருக்காது. பிரிட்டன் அரசே இரண்டு கணக்கையும் தனித்தனியாக வெளியிடுகிறது, இரண்டும் ஒன்றல்ல.

2005இல் ஐரோப்பிய ஒன்றியம் உமிழ்வுக்குச் சந்தை வைத்தது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு விட ஓர் அனுமதிச் சீட்டு. சீட்டுகளின் மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. காலப்போக்கில் அது குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கசிவுப் பயம் இருக்கிறதே, அதனால் ஆலைகளுக்குச் சீட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் தேவைக்கு மேலேயே கொடுத்துவிட்டதால் 2007இல் சீட்டின் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. மின் நிறுவனங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம் காட்டின. இலவசமாகக் கிடைத்த சீட்டுக்கும் சந்தை விலை வைத்து மின்கட்டணத்தில் ஏற்றிவிட்டன. ரேஷனில் சும்மா கிடைத்த அரிசியில் இட்லி சுட்டு, கடை அரிசி விலைக்குக் கணக்குப் போட்டு விற்ற மாதிரி. அந்தக் கூத்து தாங்காமல் 2013 முதல் பெரும்பாலான மின்நிலையங்களுக்கு இலவசம் நிறுத்தப்பட்டது. மின்நிலையம் எங்கே ஓடிப்போகும்? கம்பி அங்கேதானே இருக்கிறது. ஆனால் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் எல்லாம் 'கசிவு ஆபத்துப் பட்டியல்' ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டு இலவசச் சீட்டை வாங்கிக்கொண்டே இருந்தன.

நிஜமாகவே கசிந்ததா? நடந்தபின் புள்ளிவிவரம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஐரோப்பியச் சந்தையின் முதல் பத்துப் பதினைந்து வருடத்தில் கார்பன் விலையால் ஆலைகள் ஓடிப்போனதற்குப் பெரிய தடயம் இல்லை என்கின்றன. கணினி மாதிரிகளோ, கசிவு நடக்கும், சில துறைகளில் கணிசமாக நடக்கும் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சரியாக இருக்கலாம். விலை பல வருடம் பத்து யூரோவைத் தாண்டவில்லை. அதையும் ஆலைகள் இலவசமாகவே தாண்டிவந்தன. வீட்டில் திருட்டுப் போகவில்லை. பூட்டு இருந்ததால் போகவில்லையா, திருடனே வரவில்லையா என்று யார் சொல்வது?

டார்ட்மண்ட் நகரத்துக் கதை ஒன்று கசிவு பற்றிய பேச்சில் அடிக்கடி தலைகாட்டும். ஹோர்டே என்ற பகுதியில் நூறு வருடத்துக்கும் மேலாக இருந்த ஃபீனிக்ஸ் இரும்பாலை 2001இல் அணைந்தது. சீனாவின் ஷாகாங் நிறுவனம் அதை வாங்கி, ஆயிரம் பேர் அளவில் தன் ஆட்களைக் கொண்டுவந்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலேற்றி யாங்சி ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆலை இருந்த இடத்தில் 2010இல் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கினார்கள். இப்போது ஏரிக்கரையில் விலையுயர்ந்த வீடுகள், பாய்மரப் படகுகள். படத்தைப் பார்த்தால் கசிவு என்ற சொல்லே போதாது என்று தோன்றும், ஆலையே பெயர்ந்து போயிருக்கிறது. ஆனால் வருடத்தைப் பாருங்கள். 2001இல் ஐரோப்பாவில் இந்தச் சந்தையே கிடையாது. கூலி, சந்தை, பழைய இயந்திரம், சீனாவின் கட்டுமானப் பசி இவைதான் அந்த ஆலையைக் கொண்டுபோயின.

2024இல் இன்னொரு காட்சி. பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீலின் கடைசி ஊதுலை (இரும்புத் தாதுவை நிலக்கரியோடு உருக்கும் உலை) செப்டம்பர் 30ஆம் தேதி அணைக்கப்பட்டது. அதற்குப் பத்து நாள் முன்பு, அதே நிறுவனம் ஒடிசாவின் கலிங்காநகரில் இந்தியாவிலேயே மிகப் பெரிய ஊதுலையை மூட்டியிருந்தது. இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கே சுருக்கென்றது. போர்ட் டால்பட்டில் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது, பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு தருகிறது. அங்கே புகை வெகுவாகக் குறையும். பிரிட்டன் கணக்கில் அது சாதனை. ஆனாலும் இதை அப்படியே கார்பன் கசிவு என்று எழுதிவிட முடியாது. அந்த உலைகள் ஆயுள் முடிந்தவை, ஆலை நாளுக்குப் பத்து லட்சம் பவுண்டு அளவில் நஷ்டத்தில் ஓடியது. இந்தியாவில் உலை எழுந்தது இந்தியாவில் வீடும் பாலமும் எழுவதால். காரணம் ஒன்றாக இருந்தால் கொள்கை எழுதுவது சுலபம். இங்கே ஐந்தாறு காரணம் பின்னிக்கிடக்கிறது. முதலாளிகள் அதில் ஒரே ஓர் இழையை இழுத்துக் காட்டி, வரியைக் குறை, இல்லையேல் போய்விடுவேன் என்கிறார்கள். கசிவு நிஜம்தான். அதைக் காட்டிப் பயமுறுத்தும் வியாபாரமும் அதே அளவுக்கு நிஜம்.

எரிபொருள் வழியாகவும் ஒரு கசிவு உண்டு. ஒரு பக்கம் எண்ணெயும் நிலக்கரியும் வாங்குவதைக் குறைத்தால் உலக விலை இறங்கும், இறங்கின விலைக்கு மறுபக்கம் கூடுதலாக வாங்கி எரிப்பார்கள். இதைத் தடுக்க, இறக்குமதிக்குப் போடும் எந்த எல்லைவரியாலும் முடியாது. இதைப் பற்றி எந்த மந்திரியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. இந்தக் கசிவில் மூடப்படும் ஆலை இல்லை, கோபப்படும் வாக்காளர் இல்லை.

இனி போல்ட்டுக்கு வருகிறேன்.

கார்பன் விலை 2023 பிப்ரவரியில் நூறு யூரோவைத் தொட்டது. இலவசச் சீட்டைத் தொடர்ந்தால் ஐரோப்பிய ஆலைகள் மாறப்போவதில்லை. நிறுத்தினால் வெளிநாட்டு இரும்பு மலிவாக உள்ளே வரும். அதனால் இலவசத்தைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டே, வெளியிலிருந்து வரும் பொருளுக்கும் அதே கார்பன் விலையை எல்லையில் வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். இதன் பெயர்தான் சிபாம் (CBAM, கார்பன் எல்லைச் சரிசெய்தல் முறை). 2021 ஜூலையில் முன்மொழிவு, 2023 மே மாதம் சட்டம், அந்த அக்டோபர் முதல் வெறும் கணக்குக் காட்டல், 2026 ஜனவரி முதல் நிஜமான பணம். இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் இந்த வலைக்குள் வருகின்றன. எஃகுப் பொருள் என்ற வகையில் எங்கள் போல்ட்டும் நட்டும் ஸ்குரூவும் மாட்டிக்கொண்டன. இலவசச் சீட்டு 2026இல் வெறும் 2.5 சதவீதம்தான் குறைகிறது, 2030இல் 48.5, 2034இல் முழுதாக நின்றுவிடும். அதே வேகத்தில் எல்லையில் கட்டும் தொகையும் ஏறும்.

பணம் கட்டுவது நாங்கள் இல்லை, அங்கே இறக்குமதி செய்பவர். இந்த ஆறுதலை எங்களுக்குப் பல கூட்டங்களில் சொன்னார்கள். வியாபாரம் பண்ணிப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். ஒரு டன் கம்பிக்குப் பின்னால் 2.5 டன் கார்பன் டை ஆக்சைடு, விலை டன்னுக்கு 75 யூரோ என்று வையுங்கள். இலவசச் சீட்டுக்கான தள்ளுபடி எதுவும் இல்லாத காலத்தில் 187 யூரோ சொச்சம். யூரோ நூறு ரூபாய் என்றால் பதினெட்டாயிரத்து எழுநூறு. நாங்கள் கம்பி வாங்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை ஜெர்மனிக்காரர் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து கட்டுவாரா, எங்கள் இன்வாய்ஸில் குறைப்பாரா?

நான் 2.5 என்று போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக அந்த அளவுக்குப் புகை வருகிறது. உலகச் சராசரி இரண்டுக்குக் கீழே. நம்மிடம் பழைய இரும்பு குறைவு, இயற்கை எரிவாயு குறைவு, நிலக்கரி ஏராளம். நிலக்கரியை வைத்து ஸ்பான்ஞ் அயர்ன், அதாவது தாதுவை உருக்காமலே எடுக்கும் இரும்பு, செய்வதில் உலகத்திலேயே முதலிடம் நமக்குத்தான். 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பச்சை எஃகுக்கு இலக்கணம் வகுத்து, 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பச்சை, 1.6க்கும் கீழே என்றால் ஐந்து நட்சத்திரம் என்றது. அந்த இலக்கணத்தைப் பார்த்தாலே நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

எங்கள் யூனிட்டில் எழும் புகை மிகக் கொஞ்சம். ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரியும் எரிவாயு, அவ்வளவுதான். போல்ட்டின் பாவம் முழுக்க வயர் ராடில் இருக்கிறது. வயர் ராடின் பாவம் மில்லில். எக்செல் கேட்கும் முக்கியமான எண் எங்களிடம் இல்லை, மில்லிடம் இருக்கிறது. மில்லைக் கேட்டேன். மாதத்துக்கு இருபது டன் வாங்குகிற எங்களுக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு என்ன தலையெழுத்து? மூன்று மெயில், ஏழு போன். "மேடம், அது கார்ப்பரேட் ஆபீஸ்ல இருந்து வரணும்." டீலரைக் கேட்டால், "கார்பனா? சர்டிபிகேட்ல இருக்குமே பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை; நானும் அதையே செய்தவள்தான்.

எண் இல்லையென்றால் ஐரோப்பாவே ஓர் உத்தேச மதிப்பைப் போட்டுக்கொள்ளும். 2024 ஜூலை வரை அதைத் தாராளமாக அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு, கணக்குக் காட்டாத ஒவ்வொரு டன் புகைக்கும் இறக்குமதியாளருக்கு 10 முதல் 50 யூரோ அபராதம் வரலாம் என்ற பயம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் மெயில் மெயிலாக என் மேஜைக்கு வந்தது. ஆலோசகர் ஒருவரைக் கேட்டோம். அவர் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பழைய த்ரெட் ரோலிங் மெஷின் வாங்கலாம் என்றார் அண்ணன். கடைசியில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். உலகத்தின் இரும்புப் புகைக்கு அம்பத்தூர் ஆண்டி நாங்கள்.

நிரப்பும்போதுதான் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. எஃகுக்கு ஆலையில் நேரடியாக எழும் புகைக்கு மட்டும்தான் இப்போதைக்குப் பணம்; வாங்கும் மின்சாரத்தின் புகைக்குக் கிடையாது. சிமென்டுக்கும் உரத்துக்கும் மின்சாரமும் சேர்த்தி, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் விலக்கு. ஆக, பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் போட்டு நிலக்கரி மின்சாரத்தில் உருக்கினாலும் காகிதத்தில் அந்தக் கம்பி பால்போல வெள்ளை. அப்படி ஒரு மில்லிலிருந்து சுருள் வாங்கி அதை ஐரோப்பா ஆர்டருக்கு ஒதுக்கிவிட்டு, ஊதுலைக் கம்பியில் செய்ததை உள்ளூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பினால் போதும். எல்லா மில்லும் அதே உலைகளை அதே மாதிரி ஓட்டும். எங்கும் ஒரு கிலோ புகைகூடக் குறையாது. ஐரோப்பாவின் எல்லையில் மட்டும் எண்கள் அழகாகிவிடும். மாற்றி அடுக்குவது என்று இதற்கு ஒரு பெயர் வைக்கலாம். நல்ல தக்காளியை மேலே அடுக்கிவைக்கிற வித்தை கோயம்பேட்டில் யாருக்கும் புதிதில்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் குற்ற உணர்ச்சியோடு சொன்னதை அவர் வியாபார யோசனையாக எடுத்துக்கொண்டார். நாங்கள் அதையேதான் செய்தோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். விதிக்குள் அடங்கியதுதான். ஆனால் வானத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இது வெறும் வர்த்தகச் சுவர், காலநிலை என்பது சாக்கு என்று தில்லி சொல்கிறது. 1992 ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு வேறு என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். காலநிலையைக் காரணம் காட்டி வர்த்தகத்துக்கு மறைமுகத் தடை போடக்கூடாது என்றும் அதிலேயே, மூன்றாம் பிரிவில், இருக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஏழை நாடுகளுக்குக்கூட இதில் விலக்கு இல்லை. மொசாம்பிக் போன்ற நாட்டுக்கு அலுமினியம் ஒரு முக்கிய ஏற்றுமதியாக இருந்தது, அதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போனது. எல்லையில் வசூலாகும் பணத்தை அந்த நாடுகளின் ஆலைகளை மாற்றத் திருப்பித் தருவதாகச் சட்டத்தில் உறுதி எதுவும் இல்லை. பெரும்பகுதியை ஒன்றியத்தின் சொந்த வரவாகவே ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. இருநூறு வருடம் நிலக்கரி எரித்து எழுந்தவர்கள், இப்போது எரிப்பவனிடம் கட்டணம் வாங்கித் தங்கள் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்கள்.

2012இல் இதே ஐரோப்பா தன் விமான நிலையத்துக்கு வரும் எல்லா விமானங்களையும் தன் கார்பன் சந்தைக்குள் இழுக்கப் பார்த்தது. இந்தியாவும் சீனாவும் தங்கள் விமான நிறுவனங்களுக்குக் கணக்கே கொடுக்காதீர்கள் என்று உத்தரவு போட்டன. அந்த நவம்பரில் ஐரோப்பா பின்வாங்கியது. இந்தத் தடவையும் அப்படி நடக்கும் என்று 2023இல் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் உறுதியாகச் சொன்னார். நடக்கவில்லை. 2024இல் பாகுவில் காலநிலை மாநாட்டின் முதல் நாளே, இந்த எல்லைவரியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்ற தகராறில் மணிக்கணக்காகத் தாமதமாகியது. 2025இல் பெலெம் மாநாட்டில், வர்த்தகமும் காலநிலையும் பற்றித் தொடர்ந்து உரையாடல் நடத்துவது என்று முடிவானது. உரையாடல் நடக்கட்டும். வரி நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் தில்லியின் கோபத்தோடு எனக்கு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. நாமே கார்பனுக்கு விலை வைத்திருந்தால் அந்தத் தொகையை எல்லையில் கழித்துக்கொள்ளலாம். பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போகாமல் இங்கேயே இருக்கும். நம்மிடம் அதற்கு ஒரு விதை இருந்தது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் வைத்தோம், 2016இல் அது 400 ஆனது. தூய்மை ஆற்றல் என்று பெயர் வைத்து வாங்கியதை 2017இல் ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டோம். 2025 செப்டம்பரில் அந்த செஸையே எடுத்துவிட்டு, நிலக்கரிக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாக்கினோம். அது பொதுவான வரி. கார்பனுக்கான விலை என்று எந்த ஐரோப்பிய அதிகாரியிடமும் நீட்டிக் கழிவு கேட்க முடியாது. ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி நம் நாட்டுக்கென்று ஒரு கார்பன் வர்த்தகத் திட்டம் உருவாகிவருகிறது. ஆலைக்கு மொத்த உச்சவரம்பு இல்லை, டன்னுக்கு இவ்வளவு புகை என்ற இலக்கு மட்டும். வளரும் நாட்டுக்கு அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே விலை என்ற ஒன்று உருப்படியாக எழாவிட்டால் கழிப்பதற்கு எதுவும் இருக்காது. சீனா தன் சந்தையில் எஃகையும் சிமென்டையும் அலுமினியத்தையும் 2025இல் சேர்த்துவிட்டது. வெளியே திட்டிக்கொண்டே உள்ளே வேலையைப் பார்க்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வரி இல்லை, வாசல். ஐரோப்பா முதல்முறையாக, வாங்குபவனுக்கும் புகையில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் புகைபோக்கி இருக்கும் நாட்டின் தலையில் மட்டும் எழுதுகிற பழைய கணக்கைவிட இது நேர்மையானது. ஆனால் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர், விவரம் சேகரிப்பதையும் விலையைத் தாங்குவதையும் வாசலுக்கு வெளியே நிற்பவனிடம் விட்டுவிட்டார். திருப்பூரில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரே வெளியேறாத நிலைக்கு மாறியபோது, அரசு மானியமும் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. அப்படியும் தட்டுத்தடுமாறித்தான் பட்டறைகள் மறுபடி திறந்தன. பூட்டு மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தால் எல்லாச் சாயமும் தென்னந்தோப்புக்குள்தான் ஓடியிருக்கும்.

2025 அக்டோபரில் ஐரோப்பாவுக்கே இந்தக் காகிதச் சுமை கனத்துவிட்டது போல. வருடத்துக்கு 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யாதவர்களுக்கு விலக்கு என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். இறக்குமதியாளர்களில் தொண்ணூறு சதவீதம் பேர் இதனால் வெளியே போய்விடுவார்களாம், ஆனாலும் உமிழ்வில் தொண்ணூற்றொன்பது சதவீதம் வலைக்குள்ளேயே இருக்குமாம். அப்படியானால் இரண்டு வருடம் கெட்ட என் தூக்கத்தில் ஒரு பங்கு அந்த ஒரு சதவீதப் புகைக்காகத்தான் போயிருக்கிறது. எங்களிடம் வாங்கும் போலந்துக்காரர் சின்ன ஆள். இரண்டு கண்டெய்னரைத் தாண்டமாட்டார். நல்ல செய்தி பார்த்தாயா என்று ஒரு மெயிலும், சிரிக்கும் மஞ்சள் முகமும் அனுப்பியிருந்தார். ஜெர்மனிக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2026இல் வாங்கியதற்கு 2027 செப்டம்பருக்குள் கணக்கை முடிக்க வேண்டும், இனி மில்லின் எண்ணைச் சரிபார்ப்பாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

போன வாரம் வந்த சுருளோடு முதல்முறையாக இரண்டு தாள் இருந்தது. ஒன்று வழக்கமான டெஸ்ட் சர்டிபிகேட். இன்னொன்று அதே ஹீட் நம்பர் (அந்த உருக்கின் எண்) போட்டு, டன்னுக்கு எவ்வளவு புகை என்று ஓர் எண். மூன்று மெயிலும் ஏழு போனும் வீண்போகவில்லை. அல்லது எங்களைவிடப் பெரிய யாரோ கேட்டிருப்பார்கள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல 0.22. சரி. அதுல 2.4ன்னு இருக்கு. அது கூடவா கம்மியாம்மா?"

"கூடதாண்ணா."

"அப்ப இந்தச் சுருளை எதுக்குப் போடறது?"

"உள்ளூருக்கு."

சுருளின் மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு 'உ' போட்டுவிட்டு, கிரேன் பையனைக் கூப்பிட்டார்.